வெட்டிய அத்தியாயம்

இயந்திரம் என்றால் எனக்கு ஜன்மப் பகை. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற காலத்திலேயே அந்தப் பொறுப்பை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டவன் நான். அப்பேர்ப்பட்டவன், இந்த வயதில், கோயமுத்தூரில் பம்பு செய்கிற தொழிற்சாலை ஒன்றின் வார்ப்படப் பட்டறையில் நின்றுகொண்டு, "மண்ணில் நீர் எத்தனை சதவீதம்?" என்று கேட்டேன் என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டு வார்ப்பு முழுவதும் பாழாவதற்கும் காரணமாக இருந்தேன். நான் கையாண்ட ஆயுதம் பென்சில்.

என் தங்கையின் பேரன் எஞ்சினீயரிங் காலேஜில் கடைசி வருஷம் படித்தபோது எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். தன் பெயரை எந்தப் பத்திரிகையிலும் போடக் கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கிறான். ஆகவே பிள்ளையாண்டான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தாத்தா, எட்டாவது செமஸ்டர் முழுக்க புராஜெக்ட்தான். ஏதாவது ஒரு கம்பெனிக்குள்ளே நுழைய வேணும். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டான்.

எனக்கு விஷயம் புரியவில்லை. கம்பெனிக்குள் நுழைவது படித்து முடித்த பிறகல்லவா? அவன் பொறுமையாக விளக்கினான். பரீட்சை எழுதினால் மாத்திரம் பட்டம் கிடையாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து நிஜமான ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதற்கு வழி கண்டு, அறிக்கை எழுதி, அட்டை போட்டு, வெளியிலிருந்து வரும் பரீட்சகர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அறிக்கையின் ஆரம்பத்தில், இது இன்னின்ன மாணவர்கள் தாமே செய்த வேலை என்று துறைத் தலைவரும் வழிகாட்டும் ஆசிரியரும் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்று இருக்கும்.

"தாமே செய்த வேலை என்று எதற்காக அத்தனை அழுத்தம்?" என்றேன்.

பிள்ளையாண்டான் சிரித்தான். மறுநாள் என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய், ஒரு மாடிப்படியின் பக்கத்தில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினான். கடைசி வருஷ மாணவர்களுக்கு அங்கே புராஜெக்ட் தயாராகக் கிடைக்கும். கருவியும் கிடைக்கும், அறிக்கையும் கிடைக்கும், பரீட்சகர் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்ற பயிற்சியும் கிடைக்கும். பெயரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் மாற்றிக்கொண்டால் சரி. சென்னையிலும் கோயமுத்தூரிலும் இப்படிப்பட்ட கடைகள் ஏராளமாக உண்டாம். நான் ஐம்பது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவன். பிறர் எழுதியதைத் தம் பெயரில் போட்டுக்கொள்ளும் பிரமுகர்களை அறிவேன். ஆனால் அந்தத் தொழிலுக்குப் பலகை மாட்டிக் கடை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"எங்க கிளாஸில் பாதிப் பேர் இங்கேதான் வருவாங்க. எனக்கு மனசு ஒப்பலை, தாத்தா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் சிபார்சுக்குக் கிளம்பினேன்.

பம்பு முதலாளி எனக்குப் பழக்கமானவர். என் நாவல்களைப் படிக்கிறவர் என்று சொல்லிக்கொள்வார். படிக்கிறவர் அவருடைய மனைவி என்பது பிற்பாடு தெரிந்தது. அதனால் என்ன? "அனுப்பி வைங்க அய்யா. ஆனா ஒண்ணுங்க. சும்மா வந்து நின்னு போட்டோ எடுத்துட்டு, சர்டிபிகேட் வாங்கிட்டுப் போற பசங்க வேண்டாமுங்க. எனக்கு ஒரு தலைவலி இருக்குது. அதைப் பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

அவருடைய தலைவலியை விளக்கக் கொழுக்கட்டை துணை வேண்டும். பம்பின் வெளி உடல் இரும்பு வார்ப்பு. மண்ணால் செய்த அச்சுக்குள் உருகிய இரும்பை ஊற்றினால் வெளி வடிவம் வந்துவிடும். ஆனால் பம்பின் உள்ளே தண்ணீர் சுழல இடம் வேண்டுமே? அதற்காக மண்ணையே கெட்டியாக்கி, உட்புறத்தின் வடிவத்தில் ஒன்று செய்து அச்சுக்குள் வைத்துவிடுகிறார்கள். அதற்குக் கோர் என்று பெயர். இரும்பு அதைச் சுற்றி உறைந்ததும் கோரைத் தட்டி உதிர்த்து விடுவார்கள். கொழுக்கட்டையில் பூரணத்தை உதிர்த்துவிட்டுச் சொப்பை மாத்திரம் விற்பது போல. கோர் மணலில் சோடியம் சிலிகேட் என்ற பசையைக் கலந்து, அதனுள் கரியமில வாயுவைச் செலுத்தினால் சில விநாடிகளில் கல் போல் இறுகிவிடுகிறது. இதை நேரில் பார்த்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தலைவலி என்னவென்றால், வார்த்த உடல்களில் சிலவற்றின் உள்ளே காற்றுக் குமிழி நின்று பொத்தல் விழுந்துவிடும். பட்டறைப் பாஷையில் புளோ ஹோல். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலைந்து நாள் கழித்து லேத்தில் போட்டுக் கடையும்போதுதான் கன்னத்தில் அம்மை வடுப் போல் முகம் காட்டும். அதற்குள் வார்த்த கூலி, கடைந்த கூலி, மின்சாரம் எல்லாம் சேர்ந்து போயிருக்கும். மறுபடி உலையில் போட்டு உருக்க வேண்டியதுதான்.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல. பைகாரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகளும், அவற்றின் பின்னால் மோட்டாரும் பம்பும் வார்ப்படமும் பெருகிய ஊர் இது. பீளமேட்டில் 1926இல் தொழிற்பயிற்சிக் கூடமும் பட்டறையும் தொடங்கிய பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனம், 1951இல் அதன் பக்கத்திலேயே எஞ்சினீயரிங் காலேஜ் ஆரம்பித்தது. அங்கே பாதி நாள் வகுப்பு, பாதி நாள் பட்டறை என்று ஐந்து வருஷப் படிப்பு ஒன்று உண்டு. அதற்கு 'சாண்ட்விச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நம் ஊரில் எந்த வகுப்புக்கும் வைக்கலாம். நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஜி.டி. நாயுடு அவர்களோ இன்னும் ஒரு படி மேலே போனார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில் நுட்பக் கல்லூரி தொடங்கச் செய்தவர், எஞ்சினீயரிங் படிப்புக்கு நாலு வருஷம் வீண், இரண்டு வருஷமே தாராளம் என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவர் பக்கத்து நியாயத்தை நான் முழுக்க ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஆனால் பட்டறைக்கு வெளியே கழிகிற வருஷங்களைப் பற்றி அவருக்கு இருந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது.

வகுப்பையும் தொழிலகத்தையும் மாற்றி மாற்றி வைக்கும் ஏற்பாட்டை அமெரிக்காவில் சின்சினாட்டி சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இலேயே ஆரம்பித்துவிட்டார். நம் நாட்டில் பிலானியில் 1973 முதல் மாணவர்களை மாதக் கணக்கில் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, அதையே பாடமாக மதிப்பெண் போடுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் இத்தனை பேரும் இத்தனை செலவில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இருக்கட்டும். பிள்ளையாண்டானும் அவன் சகாக்கள் இருவரும் ஜனவரியில் பட்டறைக்குப் போனார்கள். முதல் மூன்று வாரம் அவர்கள் செய்தது புத்தகம் சொன்ன வேலை. அச்சு மண்ணில் நீர் அதிகமானால் ஆவி அதிகமாகும். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் பொத்தல் விழும். எந்தப் பாட புத்தகத்தைத் திறந்தாலும் இதுதான் முதல் காரணம். அச்சு மண்ணில் நூற்றுக்கு நாலு பங்கு நீர் இருந்தது. மேஸ்திரியைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு பகுதியை மாத்திரம் தனியாகப் பிரித்து, மூன்று பங்குக்குக் குறைத்தார்கள். நடந்தது என்ன? மண் பிடிப்பில்லாமல் அச்சின் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த மணல் இரும்போடு போய்க் கலந்தது. புளோ ஹோல் குறையவில்லை. அதோடு மணல் பொத்தல் என்ற புதுச் சனியனும் வந்து சேர்ந்தது. மேஸ்திரி, "நாந்தான் சொன்னேனுங்களே" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது பிள்ளையாண்டானின் கட்சி.

அந்த மூன்று வாரமும் அவன் வீட்டுக்கு வரும்போது முகத்தில் ஈயாடாது. கைகளைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுவான். நிலக்கரித் தூள் போகாது. என் மனைவி, "படிக்கிற பிள்ளையைக் கொல்லன் பட்டறைக்கு அனுப்பிட்டீங்களே!" என்று என்னைத்தான் திட்டினாள்.

நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை. கோர் செய்கிற இடத்தில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தியிடம் அவன் ஏதோ பேச்சுக் கொடுத்திருக்கிறான். அவள் இருபது வருஷமாக அங்கே இருக்கிறவள். "இன்னிக்கு எடுக்கிற கோரு எல்லாம் சனிக்கெழமை செஞ்சது கண்ணு. தொட்டுப் பாரு, எப்படி நசநசன்னு இருக்குதுன்னு. திங்கக்கெழமன்னாலே இப்படித்தான்" என்றாளாம்.

தொட்டுப் பார்த்தான். நிஜமாகவே கையில் ஈரம் தட்டிற்று.

மற்ற நாட்களில் காலையில் செய்கிற கோர் அன்று மாலைக்குள் அச்சுக்குள் போய்விடும். சனிக்கிழமை செய்ததோ ஞாயிறு முழுவதும் காத்திருக்கும். காத்திருக்கிற இடம் எது? அச்சிலிருந்து தட்டிய சூடான மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்து ஆறப் போடுகிற இடத்துக்கு அடுத்தாற்போல். சனிக்கிழமை மாலை தண்ணீர் தெளித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனதும், குவியலிலிருந்து ஆவி கிளம்பிப் பக்கத்தில் அடுக்கியிருந்த கோர்களில் படிந்துகொண்டிருந்தது. சிலிகேட் கோர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஜாதி. திங்கட்கிழமை அதைச் சுற்றிப் பழுக்கக் காய்ந்த இரும்பை ஊற்றினால், குடித்த நீரெல்லாம் ஆவியாகி எங்கே போகும்?

அந்த அம்மாளுக்கு ஈரம் தெரிந்திருந்தது, பொத்தல் தெரியாது. பொத்தல் கண்ணில் படுவது நாலைந்து நாள் கழித்து, அதுவும் வேறு கட்டடத்தில். லேத்துக்காரருக்குப் பொத்தல் தெரிந்திருந்தது; எந்தக் கிழமை வார்த்தது என்று தெரியாது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நூறு கஜம் இருக்கும். அந்த நூறு கஜத்தை இத்தனை வருஷமாக ஒருவரும் நடக்கவில்லை.

பிள்ளையாண்டான் ஒரு யுக்தி செய்தான். அச்சு மண்ணில் கிழமைக்கு ஒரு எண்ணாக அழுத்தி வைத்தான். வார்ப்பு வெளியே வரும்போது அந்த எண் இரும்பிலேயே புடைத்துக்கொண்டு வரும். எத்தனை தேய்த்தாலும் போகாது. மூன்று வாரம் லேத்துப் பக்கம் உட்கார்ந்து கழிவில் போன உடல்களின் எண்ணைக் குறித்தான். ஒன்று என்ற எண் மற்ற எல்லா எண்களையும் தூக்கி அடித்தது. அப்புறம் செய்ததெல்லாம் சின்ன வேலைகள். கோர் அடுக்கை இடம் மாற்றினார்கள். சனிக்கிழமை குறைவாகச் செய்தார்கள். மிச்சம் இருப்பதைத் திங்கட்கிழமை காலையில் சூட்டறையில் வைத்து உலர்த்தி எடுத்தார்கள். கழிவு பாதிக்குமேல் குறைந்தது. முதலாளி என் வீட்டுக்கு ஒரு தார் நேந்திரம்பழம் அனுப்பினார்.

இனிமேல்தான் என் பிரதாபம்.

அறிக்கையை எழுதி அச்செடுத்துக்கொண்டு வந்து, "இங்கிலீஷ் சரியாயிருக்கிறதா பாருங்க, தாத்தா" என்று என்னிடம் கொடுத்தான். நான் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். நன்றியுரையில் பகவான், பெற்றோர், பிரின்சிபால், துறைத் தலைவர், முதலாளி என்று வழக்கமான ஊர்வலம். அதன் கடைசியில் அந்தக் கோர் அம்மாளின் பெயர். துறையில் ஆட்சேபிப்பார்களோ என்று பயந்தான். "இருக்கட்டும், இன்னும் இரண்டு இடம் மேலே போடு" என்றேன். அதை நான் இப்போதும் பெருமையாகவே நினைக்கிறேன்.

ஆனால் இரண்டாவது அத்தியாயம் என்னைப் படுத்திற்று. மண்ணின் ஈரத்தைக் குறைத்து மூன்று வாரம் தோற்றுப் போன கதை. அட்டவணை மேல் அட்டவணை. ஒரு பலனும் இல்லை. நாவலாசிரியனின் புத்தி எங்கே போகும்? கதாநாயகன் வெற்றி பெறப் போகிறான், வாசகன் அவசரப்படுகிறான், நடுவில் இந்தப் பாலைவனம் எதற்கு? "இதை எடுத்துவிடு. கோர் அம்மாளிடமிருந்து தொடங்கு. எவ்வளவு விறுவிறுப்பாக இருக்கும், பார்!" என்றேன்.

"அது நாங்க செஞ்சது, தாத்தா" என்றான் தயக்கத்துடன்.

"செய்ததையெல்லாம் எழுதினால் பஞ்சாங்கம் ஆகிவிடும்" என்றேன். இப்படி அழகாகச் சொல்லிவிடுவதில் எனக்குப் பழக்கம் அதிகம். பதினொரு பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்தேன். சகாக்கள் இருவருக்கும் பைண்டிங் செலவு குறைந்ததில் சந்தோஷம்.

வாய்மொழிப் பரீட்சையில் வெளியூர்ப் பேராசிரியர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "பொத்தலுக்கு முதல் காரணமாக எல்லாப் புத்தகமும் அச்சு மண் ஈரத்தைச் சொல்கிறது. அதை ஏன் நீங்கள் பார்க்கவில்லை?" என்று கேட்டார். பார்த்தோம் என்றார்கள் இவர்கள். "எந்தப் பக்கத்தில்?" என்றார் அவர். ஒரு பக்கத்திலும் இல்லை. பக்கம் கூடிவிட்டதால் எடுத்துவிட்டதாகப் பிள்ளையாண்டான் சொன்னானாம். தாத்தாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த மனிதர் நல்லவர். மார்க்கில் பெரிதாகக் கை வைக்கவில்லை. மாறாக, அவர்களை உட்கார வைத்து ஒரு கதை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நியூயார்க்கில் சிட்டிகார்ப் கட்டடம் என்று 59 மாடிக் கட்டடம். 1977இல் கட்டி முடித்தது. ஒரு மூலையில் மாதா கோயில் இருந்ததால் தூண்களை மூலைகளில் வைக்காமல் பக்கங்களின் நடுவில் வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் டயேன் ஹார்ட்லி என்ற மாணவி 1978இல் தன் கடைசி வருஷ ஆய்வேட்டுக்கு அந்தக் கட்டடத்தையே எடுத்துக்கொண்டாள். மூலைப் பக்கமாகச் சாய்ந்து வீசும் காற்றுக்கு அவள் போட்ட கணக்கு, நேர்க் காற்றுக்குப் போட்டதைவிட அதிகமாக வந்தது. கட்டட எஞ்சினீயர் அலுவலகத்தில் விசாரித்தாள். பயமில்லை என்று பதில் வந்தது. அவளும் ஏற்றுக்கொண்டாள். அதே வருஷம் பிரதம எஞ்சினீயரான வில்லியம் லெமஷூரியர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தபோது, பற்றவைத்திருக்க வேண்டிய இணைப்புகளுக்குப் பதில் போல்ட் போட்டிருப்பதும், பெரும் புயல் வந்தால் கட்டடம் விழக்கூடும் என்பதும் தெரிந்தது. இரவோடு இரவாக, ஊருக்குத் தெரியாமல், இரும்புத் தகடுகளை வைத்துப் பற்றவைத்தார்கள். சங்கதி 1995இல்தான் வெளியே வந்தது. அவரை உசுப்பியது எந்த மாணவரின் கேள்வி என்பதில் இன்றைக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. "பொருந்தாத கணக்கு என்று எதையும் கிழித்துப் போடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்" என்றாராம் பேராசிரியர்.

இதைப் பிள்ளையாண்டான் வந்து சொன்னபோது நான் அவ்வளவாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கட்டடத்துக்கும் எங்கள் ஊர் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் முதலாளி டெலிபோன் செய்தார். குசலம் விசாரித்தார். அந்த ஊர்க்காரர்கள் கோபத்தை எப்போதும் மரியாதையில் பொதிந்துதான் கொடுப்பார்கள். "ஒண்ணும் பெரிசில்லீங்க அய்யா. நம்ம தம்பி எழுதின புத்தகத்தில அச்சு மண்ணைப் பத்தி ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" என்றார்.

புதிதாக எஞ்சினீயர் ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார். கெட்டிக்காரர். மிச்சம் இருக்கும் புளோ ஹோலையும் ஒழித்துவிட வேண்டும் என்று ஆர்வம். ஆபீசில் இருந்த அறிக்கையை வாங்கி ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். கோரைப் பார்த்திருக்கிறார்கள், அச்சு மண்ணை யாரும் தொடவே இல்லையே என்று அவருக்கு ஒரே உற்சாகம். மேஸ்திரி தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். இரவு ஷிப்டு முழுவதற்கும் மண்ணில் நீரைக் குறைத்துவிட்டார். காலையில் வந்து பார்த்தால் அத்தனையும் மணல் பொத்தல். திரும்பவும் உலைக்கே போயிற்று.

"அந்தப் பையன் மேலே தப்பில்லீங்க. புத்தகத்தில இல்லாததுக்கு அவன் என்ன பண்ணுவான்?" என்றார் முதலாளி.

நான் உண்மையைச் சொன்னேன். பதினொரு பக்கத்தை வெட்டியவன் நான் என்றேன். சற்று நேரம் கம்பியில் சத்தமே இல்லை. பிறகு, "எனக்கு வேண்டியதே அதுதானுங்களே! ஜெயிச்சதைத்தான் நாங்க தினமும் பட்டறையில பார்க்கிறோமே" என்றார். அவருடைய வீட்டு அம்மாள் இன்னும் என் கதைகளைப் படிக்கிறாரா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிள்ளையாண்டான் அப்போது ஓசூரில் வேலையில் சேர்ந்திருந்தான். நான் விஷயத்தை எழுதவில்லை. அவனை வரச் சொல்லி நேரில்தான் சொன்னேன். கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். "அந்த அட்டவணையெல்லாம் பழைய நோட்டில் இருக்கு, தாத்தா" என்று மாத்திரம் சொல்லி, மாடிக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாயந்தரம் வரையில் கையாலேயே எழுதினான். எத்தனை பங்கு நீர், எத்தனை அச்சு, எந்த ஓரம் உதிர்ந்தது, மேஸ்திரி என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்பது உட்பட. திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் போய், ஆபீஸ் பிரதியின் நடுவே அந்தத் தாள்களை ஒட்டிவிட்டு ஓசூர் பஸ் ஏறினான். கோர் அம்மாள் நன்றியுரையைத் திறந்து தன் பெயரைக் காட்டச் சொல்லி இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாளாம்.

என் அலமாரியில் இருக்கும் பிரதியில் அந்தப் பக்கங்கள் இல்லை. எனக்கும் ஒரு நகல் அனுப்பு என்று போன மாதம் கேட்டிருந்தேன். அனுப்பியிருக்கிறான். உறையின் மேலே, விலாசத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறான்: "தாத்தா, பென்சில் எடுக்கக் கூடாது."